சி-14 நீக்கப்படவில்லை

ஏப்ரல் 7, 2025, திங்கள்

நாற்பது பேரும் இன்று ஒரே திரையில் வந்து நின்றார்கள். பெயர் கிடையாது, எண்கள்தான். ஆர் வரிசையில் இருபது பேர், முடக்குவாதம் என்று உறுதியான பெண்கள். சி வரிசையில் இருபது பேர், ஒப்பிட்டுப் பார்க்க எடுத்த கண்ட்ரோல், அதே வயதில் நோய் எதுவும் இல்லாத பெண்கள். ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலையும் பார்த்துக்கொண்டு, பகுதிநேர ஆய்வு மாணவியாக ஏழு வருடத்தில் நான் சேர்த்த கூட்டம் இது.

ஒவ்வொருவரின் ரத்தத்திலிருந்தும் நோய் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தேன். அந்தப் புரதத்தின் தண்டில் ஒரு சின்னச் சர்க்கரைக் கிளை ஒட்டியிருக்கும். அதை வெட்டியெடுத்து, கிளையின் நுனியில் காலக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று அளந்தேன். நுனி வெறுமையாக இருந்தால் எங்கள் ஆய்வகத்தில் அதற்குப் பெயர் மொட்டை. முடக்குவாதக்காரர்களுக்கு மொட்டை அதிகம். இது உலகத்துக்கு ஏற்கனவே தெரியும். நோய் தொடங்கிய முதல் ஆறு மாதத்திலேயே எங்கள் பக்கத்துப் பெண்களிடம் அது தெரிகிறதா என்பதுதான் என் கேள்வி.

தெரிகிறது. கிட்டத்தட்ட. சி-14 மட்டும் தன் வரிசையை விட்டுவிட்டு ஆர் வரிசைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ஓரத்தில்கூட இல்லை, நட்டநடுவில்.

மே 30 அன்று ஆய்வுக் குழு கூடுகிறது. எனக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பு அதுவரைதான். அன்று தேறாவிட்டால் பதிவு ரத்து.

வீட்டுக்கு வந்து காபி போடப் போனால் சீனிப் பாட்டில் மூடி திறக்கவில்லை. என் கணவர் ஆல்வின் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். எதை மூடினாலும் கம்பத்தில் போல்ட் முடுக்குவது போலத்தான் முடுக்கி வைப்பார். சீனி இல்லாமல் குடித்தேன்.

ஏப்ரல் 8

கடையில் மாவு வாங்கினேன். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவச் சோம்பல்.

ஏப்ரல் 9, புதன்

சுடர்க்கொடியைக் கூப்பிட்டுக் கேட்டேன். இருபத்தேழு வயது, ஆய்வகத்தில் எனக்கு அடுத்த ஆள்.

"சி-14 குழாயையும் ஆர் குழாயையும் மாத்தி வச்சிட்டியா சுடர்?"

"நானா?"

"ஃப்ரீசர் அடுக்குனது நீதானே."

"அடுக்குனது நான். லேபிள் எழுதுனது நீங்க. மாத்தணும்னா ரெண்டு பேரும் சேந்துதான்க்கா மாத்தியிருக்கணும்."

"விளையாடாத. ஏழு வருஷ உழைப்பு."

அவள் விளையாடவில்லை. முகம் சுருங்கிப் போய்விட்டது. மதியம் என்னுடன் சாப்பிட வரவில்லை. வழக்கமாக அவள் டப்பாவிலிருந்து எனக்கு ஒரு கரண்டி புளிக்குழம்பு வரும்.

ஏப்ரல் 12, சனி

சி-14இன் மிச்ச ரத்தத்தை எடுத்து முதலிலிருந்து மறுபடி செய்கிறேன். மூன்று நாள் வேலை. புரதத்தைப் பிடிக்கும் குழலில் ஊற்றி, கழுவி, இறக்கி, சர்க்கரையை வெட்டும் நொதியைச் சேர்த்து, ஒரு ராத்திரி கதகதப்பில் வைத்து, பிறகு ஒளிரும் சாயம் ஏற்றி இயந்திரத்துக்குள் விட வேண்டும். சுடரைத் தொடவிடவில்லை. அவளும் தொட வரவில்லை.

திரவத்தை உறிஞ்சி அளக்கும் இருநூறு மைக்ரோலிட்டர் பிப்பெட்டின் ஸ்பிரிங் இறுகிவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் பாதியில் நிற்கிறது. சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும் என்று பலகையில் எழுதினேன். சுடர் அதை எடுத்து நாலு தடவை அழுத்திப் பார்த்தாள்.

"லேசாத்தான் இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

அதே படம். அதே மேடுகள், அதே இடத்தில். மொட்டை மேடு மட்டும் சர்ச் கோபுரம் மாதிரி நிற்கிறது.

குழாய் மாறவில்லை. சி-14 யார் என்று எழுதி வைத்த நோட்டு என் பொறுப்பில், பூட்டிய பீரோவில் இருக்கிறது. யாருடைய பெயரும் வெளியே போகக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. திறந்து பார்க்கவில்லை. அவசியம் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

சிதம்பரநாதன் சார் அறைக்குக் கூப்பிட்டார். என் வழிகாட்டி. ஜூனில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் இந்த ஆய்வைக் கட்டுரையாக ஒரு நல்ல இதழுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

"ஹெப்சிபா, சி-14 தூக்கிருங்க."

"ஏன் சார்?"

"கூட்டத்தோட ஒட்டல. விலகி நிக்கி."

"ஒட்டலைங்கிறது ஒரு காரணமா சார்? ஒட்டாத ஆளையெல்லாம் தூக்கணும்னா இந்த லேப்ல நானே இருக்க முடியாது."

சிரித்தார். "ஒரு வரிம்மா. எக்செல்ல ஒரே ஒரு வரி. பத்தொன்பது கண்ட்ரோல்னு எழுதிட்டுப் போங்க. இருபதாவது ஆள் எங்கன்னு யாரு கேக்கப் போறா?"

கணக்கு எனக்கும் தெரியும். இரண்டு வரிசைக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே இருந்தால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பார்கள். சி-14 இருந்தால் ஏழு. சி-14 இல்லாவிட்டால் மூன்று.

"வயசும் இருக்கு. நாப்பதத் தாண்டுன பொம்பளைக்கு மொட்டை கொஞ்சம் ஏறத்தான் செய்யும்" என்றார்.

"இருபது பேரும் நாப்பதத் தாண்டுனவங்கதான் சார். மத்த பத்தொன்பது பேருக்கு ஏறலியே."

யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன். இருக்கையில் உட்கார்ந்து அந்த வரியைத் தேர்வு செய்தேன். நீலமாக மாறியது. நீக்கிவிட்டால் இதைப் பற்றி நினைக்கவே வேண்டாம் என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்துத்தான் எனக்கே கோபம் வந்தது. கணினியை அணைத்துவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. கோயிலுக்குள் அனல். முன்வரிசை விஜிலா பாட்டுப் புத்தகத்தால் விசிறிக்கொண்டே இருந்தாள். ஜெபத்துக்குக் கைகளைக் கோக்கப் போனேன். விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று போகவில்லை. வலது கை நடுவிரல் அடிமூட்டு தடித்துப் பளபளவென்று இருந்தது.

இங்கே பாட்டில் மூடி இல்லை. கல் இல்லை. பிப்பெட்டும் இல்லை. பழியை யார் மேல் போட?

கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தேன்.

இதை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். சி-14 நான்தான்.

ஏப்ரல் 21, திங்கள்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளிகள் கிடைத்துவிடுவார்கள். நோயில்லாதவர்கள்தான் கிடைக்க மாட்டார்கள். நன்றாக இருக்கிற மனுஷி எதற்கு ஊசி குத்திக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறாள்? அதனால் ஆள் குறையும்போது நாங்களே சட்டைக்கையை மடக்கிவிட்டுக் கையை நீட்டிவிடுவோம். எந்த ஆய்வை எடுத்தாலும் ஆரோக்கியமானவர்கள் வரிசையில் எங்களில் இரண்டு பேராவது இருப்போம். 2023 ஜூனில் என் ஆய்வுக்கு ஒரு ஆள் குறைந்தது. படிவத்தில் கேள்விகளுக்கு இல்லை, இல்லை, இல்லை என்று டிக் அடித்தேன். மூட்டு வலி உண்டா? இல்லை. ரத்தம் எடுத்தது சுடர். அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினாள்.

இன்று அவளிடம் போனேன்.

"சுடர், நீ குழாயை மாத்தல. தப்பு என் பேர்ல."

"தெரியும்" என்றாள். அப்புறம் மெதுவாக, "எது தெரியும்னு கேக்க மாட்டீங்களாக்கா?"

"எது?"

"சி-14 யாருன்னு. நாந்தானே குத்துனேன். உங்க கையில இருந்து எடுத்த குழாய்ல நீங்களே எண் எழுதுறதப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்க என் மேல பழி போட்டப்பவே புரிஞ்சிட்டு, உங்களுக்கும் தெரியும்னு. தெரிஞ்ச ஆளுகிட்ட என்னத்தச் சொல்ல?" பிப்பெட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். "இதையாவது சர்வீஸுக்கு அனுப்பாதீங்க. பாவம், நல்லா இருக்கு."

மதியம் புளிக்குழம்பு வந்தது.

ஏப்ரல் 23, புதன்

ஆல்வினிடம் சொன்னேன். முதலில் "சுகரா?" என்றார். எங்கள் வீட்டில் சர்க்கரை என்றாலே அந்த ஒரு நோய்தான்.

"அது இல்லங்க. கம்பத்துல குறுக்குக் கை இருக்கும்ல, அது முனையில என்ன இருக்கும்?"

"பீங்கான்."

"பீங்கான் இல்லாம கம்பிய நேரா இரும்புக் கையில கட்டுனா?"

"கட்டுவானா எவனாவது? பொறி பறக்கும். கம்பத்தத் தொட்டவன் காலி."

"எனக்கு அந்தப் பீங்கான்தான் உதிர்ந்திருக்கு. கோடிக்கணக்கான கம்பத்துல."

அது என்ன சர்க்கரை, எதில் இருக்கிறது என்று கேட்டார். பால் சர்க்கரையில் பாதி அதுதான் என்றேன்.

"அப்ப பாலக் குடி!"

"பீங்கான ரோட்டுல கொண்டு கொட்டுனா அதுவா கம்பத்துல ஏறிக்கிடுமா?"

"கம்பம் ஏற ஆள் வேணும்" என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் சமையலறைக்குப் போய் சீனி, உப்பு, காபித்தூள், ஊறுகாய் என்று எல்லா மூடிகளையும் கழற்றி, விரலால் தட்டினால் திறக்கிற மாதிரி லேசாக வைத்துவிட்டு வந்தார். இரண்டு நாளில் எறும்பு வரும். சொல்லவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

மூட்டுநோய்ப் பிரிவு வரிசையில் நோயாளியாக நின்றேன். டோக்கன் 46. இதே வரிசையில்தான் ரத்தம் கொடுப்பீர்களா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு போன வருடமெல்லாம் நடந்தேன்.

எனக்கு முன்னால் பல்கீஸ். மேலப்பாளையம், பீடி சுற்றுகிறவள். என் ஆர் வரிசையில் ஒருத்தி. இப்போது எட்டு மாத வயிறு.

"மேடம், ரத்தத்துக்கு ஆள் பிடிக்க வந்தீங்களா? எங்கிட்ட இனிமே சொட்டு கிடையாது. புள்ளைக்கே பத்தல."

"இல்ல பல்கீஸ். கையைக் காட்ட வந்தேன்."

என் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள். பீடி சுற்றுகிற விரல்கள், எதைத் தொட்டாலும் அளந்துவிடும். "அட அல்லா. எங்களையெல்லாம் குத்துனீங்க. இப்ப உங்களக் குத்தப் போறாவ" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவை.

அவளுக்கு இப்போது வலியே இல்லை. மாசமான பிறகு விரல் பழையபடி ஓடுகிறதாம். "புள்ள வலியத் தின்னுட்டுன்னு மாமியா சொல்லுதாவ." அப்படித்தான் நடக்கும். கர்ப்பத்தில் நுனிகளில் காலக்டோஸ் மறுபடி ஏறும், மொட்டை குறையும். பிள்ளை பெற்றபின் இறங்கிவிடும், பலருக்கு வலியும் திரும்பும். டாக்டர் சொன்னாரா என்று கேட்டேன்.

"சொன்னாவ. வரட்டும். வரும் வரும்னு இப்பவே விரல மடக்கிக்கிட்டு உக்காரணுமாக்கும்?"

மே 2, வெள்ளி

டாக்டர் ஃபெலிசியா ரத்தப் பரிசோதனை முடிவைத் திருப்பி என் பக்கம் வைத்தார். நானே படித்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். முடக்குவாதம்தான். வாரம் ஒரு நாள் போடும் மாத்திரை. சில பரிசோதனைகளை முடித்துக்கொண்டு ஜூன் முதல் ஞாயிறு தொடங்கலாம் என்றார். எத்தனை நாளாக வலி என்று கேட்டார்.

"ரெண்டு மாசம்" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். "இது ரெண்டு மாசக் கையா?"

மே 3, சனி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். டீ பாதி குடிப்பதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப பிரச்சினையே இல்லையேம்மா. உங்களுக்கு நோய் இருக்கு. நோய் இருக்கிறவங்க கண்ட்ரோலா இருக்க முடியாது. நியாயமாவே தூக்கிரலாம்."

"ரத்தம் எடுத்தது ரெண்டு வருஷம் முந்தி சார். அன்னைக்கு எனக்கு நோய் இல்ல."

"இல்லன்னு யாரு சொன்னா?"

"நான்தான். படிவத்துல டிக் அடிச்சிருக்கேன்."

"டாக்டர்கிட்ட ரெண்டு மாசம்னு சொன்னதும் நீங்கதான" என்றார்.

டீ ஆறிவிட்டது.

மே 4, ஞாயிறு

நேற்றிலிருந்து ஒரே கேள்வி. 2023 ஜூனில் அந்த இல்லை உண்மையா? உண்மை இல்லையென்றால் சார் சொல்வது சரி. நான் தகுதியில்லாத ஆள், வரிசையை விட்டுப் போக வேண்டும். உண்மை என்றால், வலி வருவதற்கு முன்பே என் ரத்தத்தில் நுனிகள் உதிர்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஒன்றைக் கணக்குக்கு இடைஞ்சல் என்று தூக்கிப் போடுவதா?

என் ஞாபகத்தை நம்ப மாட்டேன். அது எனக்குச் சாதகமாகவே பேசும். ஆனால் இருபது வருடமாக டைரி எழுதுகிறவள் நான். பரணிலிருந்து மூன்று டைரிகளை ஆல்வின் இறக்கிக் கொடுத்தார்.

மே 6, செவ்வாய்

மூன்றையும் படித்து முடித்தேன். கை வலிக்கிறது என்று எங்கேயும் எழுதவில்லை. ஒரு இடத்தில்கூட. இரண்டு நாள் அதைப் பார்த்து ஏமாந்தேன். பிறகுதான் கண்ணில் பட்டது, வேறொன்று எழுதியிருக்கிறேன்.

2024 பிப்ரவரி 11: புது சோப்பு வழுக்குகிறது, துணி பிழிய முடியவில்லை.

பிப்ரவரி 19: ஜாக்கெட் கொக்கியை டெய்லர் சின்னதாக வைத்துவிட்டான்.

மார்ச் 2: இந்தப் பேனா சரியில்லை.

மார்ச் 3: தேங்காய் முற்றல்.

மார்ச் 8: மழைக்கு ஜன்னல் கொண்டி ஊதிவிட்டது.

மார்ச்சில் எங்கே மழை!

இந்த வருட டைரியையும் சேர்த்து நேற்று வரை எண்ணினேன். நாற்பத்தொன்று. சோப்பு, டெய்லர், பேனா, தேங்காய், கொண்டி, கல், மூடி, பிப்பெட், சுடர்க்கொடி. என் கையைத் தவிர ஊரில் உள்ள எல்லாம் கெட்டுப்போயிருந்தது. ஒருத்தி தன்னிடமே இவ்வளவு பொய் சொல்ல முடியுமா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் 2024 பிப்ரவரிக்கு முன்னால் புரட்டினால் ஒன்றுகூட இல்லை. எந்த மூடியும் இறுக்கமாக இல்லை, எந்தத் தேங்காயும் முற்றவில்லை. ரத்தம் கொடுத்து மூன்றாம் நாள், ஜூன் 17: மறுநாள் கோயில் அசனம், ஊருக்கே விருந்து. ஒரு மூட்டைக் கத்தரிக்காயை மூன்று பேர் நறுக்கினோம். "விஜிலாவைவிட நான்தான் வேகம்" என்று எழுதியிருக்கிறேன். அதற்குப் பிறகு அண்டாவும் தேய்த்திருக்கிறேன்.

படிவத்தில் நான் அடித்த டிக் உண்மை. எட்டு மாதம் கழித்துத்தான் சோப்பு வழுக்கியது.

மே 8, வியாழன்

பட்டியலைத் தட்டச்சு செய்து சாரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார்.

"தேங்காய் முற்றல். இது ஆதாரமா ஹெப்சிபா?"

"எனக்கு எதிரா நானே எழுதி வச்சது சார். இதைவிட நல்ல ஆதாரம் எங்கிட்ட இல்ல."

"ஏழு சதவீதத்த வச்சுக்கிட்டு இதழுக்குப் போனா வாசல்லயே திருப்பிருவான். எனக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் சார்."

"பட்டம் வேண்டாமா உங்களுக்கு?"

"வேணும். ஆனா என்னைய நானே அழிச்சிட்டு வாங்க மாட்டேன்."

இப்படியே கொண்டு போனால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். குழுவின் முன்னால் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். பதினெட்டு வருடத்தில் சாரிடம் எழுந்து நின்று பேசியது இதுதான் முதல் தடவை. எழுந்ததே மேஜையில் கை ஊன்றித்தான். வலியில் உயிர் போனது.

மே 14

எறும்பு. எதிர்பார்த்ததுதான். சீனியை வெயிலில் கொட்டி வைத்தேன்.

மே 20, செவ்வாய்

பல்கீஸுக்குப் பெண் குழந்தை. சுடர் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். விரல் எப்படி இருக்கிறது என்று சுடர் கேட்டாளாம். "இன்னும் ஓடுது" என்றாளாம் பல்கீஸ்.

ஆல்வின் இன்று மெதுவாக ஆரம்பித்தார். "சார் சொல்லுததக் கேட்டுட்டுப் போயிரேன். யாரு பாக்கப் போறா?"

"நீங்க லைன் பாக்கப் போறீங்க. இருபது கம்பம். ஒண்ணுல மட்டும் பீங்கான் விரிசல், இன்னும் பொறி பறக்கல. அந்தக் கம்பத்த ரிப்போர்ட்ல இருந்து எடுத்துட்டு, பத்தொன்பது கம்பம், எல்லாம் சரின்னு எழுதுவீங்களா?"

"வேலை போயிரும்."

"வேலை போகாதுன்னா?"

இஸ்திரிப் பெட்டியை மாட்டினார். அது சூடானதும், "எழுத மாட்டேன்" என்றார். என் சேலையை அவரே இஸ்திரி போட்டார். முந்தானையில் ஒரு இடம் மஞ்சளாகிவிட்டது. போகட்டும்.

மே 30, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குழுவில் மூன்று பேர். வெளியிலிருந்து வந்தவர் பேராசிரியர் ரெஜினா, அறுபது வயதிருக்கும், குரல் கறார். சார் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் நாற்பது பேரையும் திரையில் போட்டேன். சி-14 தன் இடத்தில், ஆர் கூட்டத்தின் நடுவில்.

"ஏழு சதவீதம்" என்றார் ரெஜினா. "அந்த ஒண்ண எடுத்தா?"

"மூணு, மேடம்."

"எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலியா?"

சார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"எடுக்குறதுக்குக் காரணம் தேடினேன். கிடைக்கல. ரத்தம் எடுத்த அன்னைக்கு அந்தப் பெண்ணுக்கு மூட்டு வலி இல்ல. எட்டு மாசம் கழிச்சுத் தொடங்கியிருக்கு. இப்ப முடக்குவாதம் உறுதி."

"கண்ட்ரோல்ல இருக்கிறவங்களுக்குப் பேர் கிடையாது. அப்புறம் எப்படி இவ்வளவு தெரியும் உங்களுக்கு?"

"அது நான்தான்."

ரெஜினா குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கடைசி வரிசையில் சுடர்.

பட்டியலை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சோப்பு. டெய்லர். பேனா. தேங்காய். ஜன்னல் கொண்டிக்கு வந்தபோது நடுவிலிருந்தவர் சிரித்துவிட்டார். ரெஜினா சிரிக்கவில்லை.

"வலியையே எழுதாத டைரி. எழுதலைங்கிறதால அதுக்கு முந்தி வலி இல்லன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

இந்தக் கேள்விக்குத்தான் மூன்று வாரமாகக் காத்திருந்தேன்.

"நான் வலிய ஒளிக்கிற ஆள்னு இந்த நாப்பத்தொண்ணும் சொல்லுது, மேடம். ஒளிக்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு பொருள் மேல பழி போட்டிருக்கேன். 2024 பிப்ரவரிக்கு முந்தி நான் எந்தப் பொருளையும் குறை சொன்னதில்ல. ஒளிக்க ஒண்ணும் இல்ல."

அவர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பேனாவை எவ்வளவு இயல்பாகப் பிடித்திருக்கிறார் என்று பார்த்தேன்.

"ஒரு ஆளை வச்சு நோய்க்கு முந்தியே தெரியும்னு சொல்ல முடியாது. ஒத்துக்கிடுறீங்களா?"

"ஒத்துக்கிடுறேன். ஒரு ஆள் ஒரு ஆள்தான். ஆனா இல்லாத ஆள் இல்ல."

எங்களை வெளியே அனுப்பினார்கள். நாற்பது நிமிடம். சுடர் என் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, கேட்காமலே திறந்து கொடுத்தாள்.

முடிவு: சினாப்சிஸ், அதாவது ஆய்வுச் சுருக்கம், ஏற்கப்பட்டது, இரண்டு நிபந்தனைகளுடன். தலைப்பில் 'வேறுபாடு உறுதி' என்ற சொற்கள் போக வேண்டும். சி-14க்குத் தனியாக ஒரு அத்தியாயம் எழுத வேண்டும், நாற்பத்தொன்றும் அதில் வர வேண்டும்.

சார் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டுத் தாளைத் தராமல் கையிலேயே வைத்திருந்தார்.

"என் கட்டுரையக் கெடுத்துட்டீங்க" என்றார்.

"ஆமா சார்."

"அந்தக் கொண்டி. மார்ச்சுல மழை பெஞ்சதாக்கும்?" சிரித்துவிட்டார். ஆனால் தாளைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எதை இழந்தார் என்று எனக்குத் தெரியும். திருப்பிக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

மே 31, சனி

நாளை முதல் மாத்திரை. மருந்து உள்ளே போவதற்கு முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு வருட இடைவெளியில் ஒரே ஆள், இரண்டு ரத்தம். அத்தியாயத்துக்கு வேண்டும்.

சுடர் ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். பஞ்சை அழுத்திவிட்டுப் படிவத்தை எடுத்து எதிரில் உட்கார்ந்தாள். எல்லோரிடமும் கேட்பது போல, தலை நிமிராமல், வரிசையாக.

"பேரு?"

"விளையாடாத சுடர்."

"பேருக்கா."

"ஹெப்சிபா."

"வயசு?"

"நாப்பத்தஞ்சு."

"மூட்டு வலி உண்டா?"

"உண்டு."

"எப்பத்துல இருந்து?"

"2024 பிப்ரவரி 11. ஞாயித்துக்கிழமை. துணி பிழியும்போது."

அவள் எழுதப் போனாள். படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். 'ஆம்' என்ற கட்டத்தில் நானே டிக் போட்டேன். கை கோணியது. கோடு கட்டத்தைத் தாண்டி, அடுத்த கேள்வியின் மேல் ஏறி, தாளின் ஓரம்வரை போய் நின்றது.

"வேற ஃபார்ம் எடுக்கட்டுமாக்கா?"

"வேண்டாம். பேனா நல்லாத்தான் இருக்கு."